மாட்டு நெஞ்சுக்கறிக்குப் புகை: விறகா, கரியா?

மார்கழியில் சிறுமலைத் தோட்ட வீட்டுக்கு இருபது பேர் வருகிறார்கள், இரும்பு டிரம்மில் புகை போட்டு மாட்டு நெஞ்சுக்கறி வேகவைக்கலாம் என்றிருக்கிறேன், விறகா கரியா என்று மச்சான் கேட்டார். இரண்டிலும் கை சுட்டவன் நான்.

5 கிலோ துண்டு, டிரம்முக்குள் 110–120 டிகிரி செல்சியஸ், 10 முதல் 12 மணி நேரம். இது இரண்டுக்கும் பொது.

செலவு
விறகு: மதுரைப் பக்கம் சீமைக் கருவேலத்துக்கா பஞ்சம்?
கரி: மூட்டைக்குக் காசு.

சூடு
விறகு: ஏறும், இறங்கும். அரை மணிக்கொரு தரம் எழ வேண்டும்.
கரி: காற்றுத் துளையைச் சரியாக வைத்தால் மூன்று மணி நேரம் தூங்கலாம்.

மலையில் குளிரைவிடக் காற்றுதான் எதிரி. டிரம்மைச் சுற்றித் தகரம் மறைத்தே ஆக வேண்டும்.

புகை
விறகு: டெக்சாஸ்காரர்கள் கொண்டாடும் மெஸ்கீட் மரமும் நம்ம சீமைக் கருவேலமும் ஒரே குடும்பம். மணம் தூக்கும். ஆனால் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஒருமுறை ஈர விறகு வைத்தேன். வெள்ளையாகப் புகைந்து கறி கசந்துவிட்டது. சித்தப்பா பேசாமல் ரசம் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார்.
கரி: சாதுவான புகை, மணம் குறைவு.

கறியின் உள்சூடு 70 டிகிரி பக்கம் மணிக்கணக்கில் நின்றுவிடும். ஈரம் ஆவியாகிக் குளிர்விப்பதுதான் காரணம். பதறி விறகைத் திணிக்காமல் அலுமினியத் தாளில் சுற்றுங்கள். 95ஐத் தொட்டதும் இறக்கலாம்.

இரவு முழுக்க அடுப்படியில் உட்கார்ந்து பேச ஆள் இருந்தால் விறகு. மச்சான் மாதிரி ஒற்றை ஆள் என்றால் கரி. அப்புறம் முதல் மூன்று மணி நேரத்துக்கு மட்டும் காய்ந்த கருவேலத் துண்டு இரண்டு.