வீட்டுக் கதை பேச எந்த ஜப்பானியப் பாடம்: மின்னாவா, கென்கியா, இரோதோரியா?

ஜப்பானிய மொழி படிக்க ஆரம்பித்து நாலு மாதம் ஆகியிருந்தது. அலுவலக வீடியோ காலில் வேலைப் பேச்சு முடிந்ததும், யோகோஹாமாவில் இருந்த சக ஊழியர் வீட்டில் யார் யார் என்று கேட்டார். "ஒதோஸான் வா சென்ஸெய் தெஷ்தா" என்றேன். அப்பா வாத்தியாராக இருந்தார் என்று சொல்லிவிட்டதாக நினைப்பு. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தாரெ நோ ஒதோஸான் தெஸ் கா?" என்றார். யாரோட அப்பா?

ஒரே வாக்கியத்தில் ரெண்டு தப்பு. ஒதோஸான் என்பது அடுத்தவர் அப்பா. வீட்டுக்குள் நம் அப்பாவை அப்படிக் கூப்பிடலாம். வெளியாளிடம் பேசும்போது அவர் வெறும் சிச்சி. சென்ஸெய் என்பதும் மரியாதைச் சொல், நம் வீட்டு ஆளின் வேலையைச் சொல்ல கியோஷி என்று ஒரு தனிச்சொல் உண்டு. போன் ஆப் ஒன்றில் பொறுக்கிய சொற்களை வைத்துக்கொண்டு பேசப் போனதன் பலன். அம்மாவுக்கு ஹஹா, அப்பாவுக்கு சிச்சி: தமிழ்க் காதுக்கு ஒன்று சிரிப்பு, இன்னொன்று சலிப்பு. அதனாலேயே மறக்காது.

அன்றிலிருந்து எந்தப் பாடநூலை எடுத்தாலும் நான் பார்ப்பது ஒன்றுதான். வீட்டில் எத்தனை பேர், யார் என்ன செய்கிறார், எங்கே இருக்கிறார் என்பதை இது எத்தனையாவது பாடத்தில், எவ்வளவு சரியாகச் சொல்ல வைக்கிறது?

முதலில் வகுப்புகளில் அதிகம் புழங்கும் 'மின்னா நோ நிஹோங்கோ'. மூலநூல் முழுக்க ஜப்பானிய எழுத்தில் இருக்கும். பொருளும் இலக்கண விளக்கமும் தனிப் புத்தகம். ஆக ரெண்டு வாங்க வேண்டும். முதல் பாகத்தில் 25 பாடம். சென்ஸெய், கியோஷி வித்தியாசத்தை முதல் பாடத்துச் சொற்பட்டியலிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அப்பா அம்மா வருவது 7-ல், அதுவும் கொடுக்கல் வாங்கல் வினைகளோடு ஒட்டிக்கொண்டு. ஆள் எண்ணிக்கை 11-ல். "கொகஸோகு வா?", அதாவது உங்க வீட்ல யார் யார் என்ற உரையாடல், 15-ல். வாரத்துக்கு ஒரு பாடம் என்றால் கிட்டத்தட்ட நாலு மாசம் தள்ளித்தான் குடும்பம் முழுசாக வாய்க்கு வரும். அதுவரை மில்லர் என்ற கம்பெனி ஊழியரோடு அலுவலகம், ரயில், கடை என்று சுற்ற வேண்டியதுதான். ஆனால் மாற்றி மாற்றிப் போடும் பயிற்சிகளில் இதை அடிக்க ஆளில்லை. 15-ஐத் தாண்டியவனுக்கு வாக்கியம் தடுமாறாது.

'கென்கி' இங்கிலீஷ் வழி. கல்லூரி மாணவர்களை மனசில் வைத்து எழுதியது. 1999-ல் வந்தது, மூன்றாம் பதிப்பு 2020-ல். குடும்பப் போட்டோவை வைத்து 7-ஆம் பாடம் முழுக்க ஓடுகிறது. உயரம், கண்ணாடி, முடி, கல்யாணம் ஆனதா என்று ஆளை வர்ணிக்க வைக்கும். தனியாகப் படிப்பவருக்கு விளக்கம் இதில்தான் தெளிவு. ஒரு குறை: அதன் விளக்கமெல்லாம் இங்கிலீஷ் பேசுபவனை எதிரே உட்கார வைத்துச் சொல்வது. நமக்குத் தேவைப்படும் இடம் வேறு.

எப்படி என்றால், அண்ணன் வேறு தம்பி வேறு, அக்கா வேறு தங்கை வேறு என்று யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அனி, ஒதோத்தோ, அனெ, இமோத்தோ, அவ்வளவுதான். "எனக்கு தங்கச்சி ரெண்டு பேர் இருக்காங்க" என்பதை அப்படியே வரிசை மாறாமல் போடுங்கள்: வதாஷி நி வா, இமோத்தோ கா, ஃபுதாரி, இமாஸ். 'எனக்கு' என்ற கு உருபுக்கு நி. 'ரெண்டு பேர்' என்பதற்கு ஃபுதாரி. அடுத்தது இன்னும் அழகு. கல்யாணம் ஆகியிருக்கு என்பதில் கடைசியில் நிற்கும் 'இரு' இருக்கிறதே, அதே வேலையைத்தான் 'கெக்கோன் ஷிதெ இமாஸ்' என்பதிலும் இமாஸின் மூலவடிவமான ஜப்பானிய 'இரு' செய்கிறது. 'சுந்தெ இமாஸ்' என்றால் குடியிருக்கேன். சொல்லிலேயே இருக்கிறது இருப்பு.

நாம் வழுக்குவது மரியாதையில். அப்பா வந்தார், அக்கா சொன்னாங்க என்று யாரிடம் பேசினாலும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ர், ங்க போடுவோம். ஜப்பானில் எதிரே இருப்பவர் வெளியாள் என்றால் நம் அப்பாவுக்கும் மரியாதைச் சொல் கிடையாது, அவர் அப்பாவுக்கு மட்டும்தான். தமிழனுக்கு மனசு கேட்காது. இந்த ஒன்றுக்கே பத்துப் பக்கப் பயிற்சி வேண்டும்.

மூன்றாவது 'இரோதோரி'. ஜப்பான் ஃபவுண்டேஷன் 2020-ல் வெளியிட்டது. பிடிஎஃப், ஒலிப்பதிவு ரெண்டும் இணையத்தில் இலவசம். மூன்று பாகம், ஒவ்வொன்றிலும் 18 பாடம். ஜப்பானில் தங்கி வேலை செய்ய வருபவர்களுக்காக எழுதியது என்பதால், முதல் பாகத்தின் 3, 4-ஆம் பாடங்களிலேயே தன்னைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் பேச வைத்துவிடுகிறது. முதலில் காதால் கேள், பிறகு சொல், இலக்கணம் கடைசியில் ஒரு பெட்டிக்குள் கொஞ்சம். அந்தக் கொஞ்சம்தான் பிரச்சினை. பாடத்தில் வந்த வாக்கியம் சரளமாக வரும். "அண்ணன் மட்டும் கோவையில், நாங்க எல்லாம் சென்னையில்" என்று ஒரு அடி தள்ளிப் போனால் வாய் அடைத்துக்கொள்ளும். அதே நிறுவனத்தின் 'மருகோதோ'வும் இதே குடும்பம்தான்; 4-ஆம் பாடத்துத் தலைப்பே "கஸோகு வா சன்னின் தெஸ்", குடும்பத்தில் மூணு பேர். பேச ஒரு நூல், புரிந்துகொள்ள இன்னொரு நூல் என்று பிரித்திருக்கிறார்கள்.

ஆப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹிரகானா, கதகானா என்ற ரெண்டு எழுத்து வரிசையும் பழக நல்லது. யாரிடம் பேசுகிறோம் என்பதை வைத்துச் சொல் மாறும் ஒரு மொழியில், எதிரே ஆளே இல்லாத பயிற்சி எவ்வளவு தூரம் கூட வரும்?

என் வழி இது: இரோதோரி 3, 4 முடித்த கையோடு மின்னாவில் 7, 11, 15. நடுவில் விட்டதைப் பிறகு நிரப்பலாம். வகுப்பு வாத்தியார் திட்டுவார், திட்டட்டும். ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வின் ஆரம்ப நிலையான என்5 சான்றிதழ்தான் இலக்கு என்றால் மின்னாவையோ கென்கியையோ வரிசையாகவே படியுங்கள். ஆனால் ஜேஎல்பிடியில் பேச்சுத் தேர்வே கிடையாது. பாஸ் பண்ணிவிட்டு ஊமையாக நிற்பவர்கள் நிறையப் பேர்.

சாவு விஷயத்தில் எல்லாப் பாடநூலுக்கும் ஒரே சங்கடம். இன்றைய ஜப்பானியத்தில் 'நு' என்று முடியும் வினை ஷினு ஒன்றுதான், 'செத்துப்போ' என்று பொருள். வினைமாற்ற அட்டவணையில் அந்தக் கட்டத்தை நிரப்ப இலக்கணம் அதைச் சீக்கிரமே நம் வாயில் திணித்துவிடுகிறது. தாத்தா தவறிவிட்டார் என்று சொல்ல வேண்டியது நகுனரிமஷ்தா. இதை முதல் மாசமே தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த காலில் அதே யோகோஹாமாக்காரர். இந்த முறை நிறுத்தி நிதானமாக, "சிச்சி வா கியோஷி தெஷ்தா" என்றேன். சொல் இரண்டும் சரி. ஆனால் அவர் முகம் வாடிவிட்டது, குரலும் இறங்கிவிட்டது. 'இருந்தார்' என்றதும் அப்பா இப்போது இல்லை என்று எடுத்துக்கொண்டார் போல. பதறிப்போய்க் கத்தினேன்: "கென்கி தெஸ்! இமா வா இஎ நி இமாஸ்!" நல்லா இருக்கார், இப்போ வீட்ல இருக்கார். பக்கத்து அறையிலிருந்து அப்பா, "என்னடா?" என்றார்.