பழைய ட்ரையாங் ஜிண்டி, எக்ஸ் 04 மோட்டார்: காந்தம் மாத்தி குன்னூர் ஈரத்துல ஓட்டின அனுபவம்

பழைய ஓஓ கேஜ் (சின்ன அளவு மாடல் ரயில்) இன்ஜின் வச்சிருக்கறவங்க பல பேர் மோட்டார் போச்சுன்னதும் நேரா புது மோட்டார் தேட ஆரம்பிச்சிடறாங்க. உள்ள இருக்கறது ட்ரையாங் கம்பெனியோட எக்ஸ் 04 மோட்டார்னா தயவு செஞ்சு அவசரப்படாதீங்க. எங்கிட்ட இருக்கறது ட்ரையாங் காலத்து ஜிண்டி, ஆறு சக்கரம் வச்ச சின்ன டேங்க் இன்ஜின், இங்கிலாந்துல மார்கேட் ஃபேக்டரில செஞ்சது. கோத்தகிரி ரோட்ல ஒரு எஸ்டேட் பங்களா காலி பண்ணினப்போ சாமானோட சாமானா எங்க மாமா வாங்கிட்டு வந்து குடுத்தாரு. மோட்டாரை சரி பண்ணி ஓட்ட ஆரம்பிச்சு சில மழைக்காலம் தாண்டிடுச்சு, அதனால எது நின்னுச்சு எது நிக்கலன்னு இப்ப நம்பி சொல்ல முடியும்.

வந்தப்போ நிலைமை இதுதான். கன்ட்ரோலரை திருப்பினா ஒரு உறுமல் வரும், வண்டி நகராது. மேல்கூட்டை கழட்டிட்டு ஆர்மேச்சரை, அதாவது காயில் சுத்தின சுழல்ற பாகத்தை, விரலால லேசா தட்டி விட்டா கொஞ்சம் ஓடும், நிறுத்தி மறுபடி எடுத்தா சில சமயம் எடுக்கும் சில சமயம் எடுக்காது, அதுக்குள்ள மோட்டார் தொட முடியாத சூடு. இப்படி இருந்தா எல்லாரும் சொல்றது காயில் எரிஞ்சிடுச்சுன்னு. ஆனா எரிஞ்ச வாசனை இல்ல, காயில் நிறம் மாறல, அதனால மீட்டரை எடுத்தேன்.

இந்த செக்கை எல்லாரும் பண்ணனும், ரொம்ப சுலபம். மோட்டாருக்கு கரண்ட் குடுக்கற கரித்துண்டு, அதாவது பிரஷ், ரெண்டையும் எடுத்துடுங்க. ஆர்மேச்சர் அச்சுல பிரஷ் தொடற பாகமான கம்யூட்டேட்டர்ல மூணு செம்புத் துண்டு இருக்கும், மீட்டரை ஓம்ஸ்ல வச்சு ரெண்டு ரெண்டு துண்டா மூணு ஜோடியையும் அளந்து பாருங்க. மூணும் ஏறக்குறைய ஒரே ரீடிங் வந்தா காயில் நல்லா இருக்கு. ரெண்டு ஜோடி ஒரே மாதிரி வந்து மூணாவது மட்டும் அதைவிட ரெண்டு மடங்கு காட்டினா ஒரு காயில் அறுந்திருக்குன்னு அர்த்தம், ஏன்னா மூணு காயிலும் முக்கோணமா சேத்திருக்காங்க, ஒண்ணு அறுந்தா மீட்டர் மத்த ரெண்டு காயில் வழியா சுத்தி வந்துதான் அளக்கும். ஒரு ஜோடி மட்டும் ரொம்ப கம்மியா வந்தா உள்ளுக்குள்ள ஷார்ட். ஆர்மேச்சர் அச்சுக்கும் செம்புத் துண்டுக்கும் நடுவுல ரீடிங் வரவே கூடாது, வந்தா இன்சுலேஷன் போயிடுச்சு. என்னோடதுல ரெண்டு மடங்கு கேஸ்.

அதை எடுத்துட்டு மார்க்கெட் பக்கம் மிக்ஸி மோட்டார் சுத்தற அண்ணன்கிட்ட போனேன், தொழில் தெரிஞ்ச மனுஷன். லென்ஸை கண்ணுல வச்சு திருப்பித் திருப்பி பாத்துட்டு, "தம்பி, இதுல சுத்தறதுக்கு ஒண்ணும் இல்லைங்க, காயில் அப்படியே இருக்கு, நுனி மட்டும் விட்டுப்போச்சு"ன்னாரு. காயில் கம்பி கம்யூட்டேட்டர் காதுல சேர்ற இடத்துல பச்சை பூத்து, தலைமுடி மாதிரி கம்பி அங்கயே அறுந்திருந்துச்சு. பெட்டிக்குள்ள எத்தனை வருஷ ஈரமோ. அவரு பிளேடு முனையால எனாமலை சுரண்டி, ஒரு சுத்து அவிழ்த்து கம்பியை எட்ட வச்சு, கூர் முனை சால்டரிங் அயர்ன்ல ஒரு பொட்டு ஈயம் வச்சாரு. அந்த ஜாயிண்ட் இன்னைக்கு வரைக்கும் விடல. ஒரு சுத்து குறைஞ்சதால ஓட்டத்துல எந்த வித்தியாசமும் தெரியல.

இப்ப மூணு ரீடிங்கும் சமம், எந்த இடத்துல நிறுத்தினாலும் வண்டி எடுத்துச்சு. ஆனாலும் சூடு நிக்கல, தனியா ஓடும்போதே அரை ஆம்பியருக்கு மேல இழுத்துச்சு, ரெண்டு பெட்டி மாட்டினா மூச்சு வாங்கும். இங்கதான் காந்தம் வருது. அந்தக் காலத்து காந்தம் அல்னிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்தது), இரும்பு சட்டத்துலேருந்து வெளிய எடுத்தாலே பலத்துல ஒரு பங்கு போயிடும், சுத்தம் பண்றேன்னு யாராவது எப்பவாவது பிரிச்சிருந்தா போதும். காந்தம் இளைச்ச மோட்டார் வெறுமனே ஓடும்போது வேகமா சுத்தும், பாக்கறதுக்கு நல்லா ஓடற மாதிரியே தெரியும், ஆனா பாரம் ஏறினா இழுவை இருக்காது, அதே வேலைக்கு கரண்ட் கூடுதலா இழுத்து எல்லாத்தையும் காயில்ல சூடா கொட்டும். எரிஞ்சு போன காயில் நிறைய இப்படித்தான் எரிஞ்சிருக்கும்னு நான் நினைக்கிறேன். காந்தத்தை விட்டுட்டு காயிலை மட்டும் மாத்தினா புது காயிலும் அதே வழிலதான் போகும்.

அதனால நியோடைமியம் காந்தத் துண்டுகள் வாங்கி, பழைய காந்தக் கட்டையோட அகலம் சரியா வர்ற மாதிரி மைல்ட் ஸ்டீல் துண்டு சேத்து அதே இடத்துல வச்சேன். இடைவெளி விடாம இறுக்கமா உக்காரணும், விட்டா பலம் வீணாகும். பழைய காந்தத்தோட எந்தப் பக்கம் எந்தத் துருவம்னு எடுக்கறதுக்கு முன்னாடியே மார்க் பண்ணிக்கங்க, திருப்பி வச்சா மோட்டார் ஓடும், ஆனா இன்ஜின் எதிர்ப்பக்கம் போகும். வேலை பண்ற மேசைல ஆணி, ஸ்க்ரூ, இரும்புத் தூள் எதுவும் இருக்கக் கூடாது. வீட்ல சின்னக் குழந்தை இருந்தா இந்தத் துண்டுகளை பூட்டி வைங்க, முழுங்கிட்டா குடலுக்கே ஆபத்து. பக்கத்துல சால்டரிங் அயர்ன் வைக்காதீங்க, சாதாரண கிரேடு நியோ காந்தம் 80 டிகிரி செல்சியஸ் தாண்டினா பலம் இழக்கும்.

பலன் உடனே தெரிஞ்சுது. கரண்ட் பாதிக்கும் கீழ இறங்குச்சு. டாப் ஸ்பீடு குறைஞ்சுது, அது எனக்கு சந்தோஷம்தான், ஏன்னா யார்டுல பெட்டிகளை இழுத்து மாத்தற ஷண்டிங் இன்ஜின் எக்ஸ்பிரஸ் மாதிரி பறக்கறது பாக்கவே நல்லா இருக்காது. முன்ன ஒரு குதி குதிச்சுதான் கிளம்பும், இப்ப ஸ்லீப்பர் ஸ்லீப்பரா நகர்ந்து கிளம்புது. ஒரு மணி நேரம் ஓட்டினாலும் மோட்டார் வெதுவெதுப்புதான்.

நீண்ட நாள்ல வந்த ஒரே பிரச்சனை நம்ம ஊர் ஈரம். இந்த நியோ காந்தத்துக்கு மேல நிக்கல் பூச்சு இருக்கும், அது உடைஞ்சா உள்ள இருக்கறது துரு பிடிச்சு பொடி பொடியா உதிரும். ஒரு துண்டு வரும்போதே மூலைல சிராய்ப்பு இருந்துச்சு, ஐப்பசி கார்த்திகை மழைல ஜன்னல் கண்ணாடி முழுக்க வியர்த்து மூடுபனி வீட்டுக்குள்ள வர்ற நாள்கள் தாண்டி பாத்தா அந்த மூலை சாம்பல் நிறமா பூத்து உப்பியிருந்துச்சு. அந்தப் பொடி ஆர்மேச்சர் இடுக்குல போனா கதை முடிஞ்சுது. அதை மாத்திட்டு, புதுசுக்கு எல்லா விளிம்புலயும் நெயில் பாலிஷ் ரெண்டு கோட் அடிச்சு வச்சேன், அதுக்கப்புறம் பூக்கல. இன்ஜின் டப்பால சிலிக்கா ஜெல் பாக்கெட் போடறேன், வெயில் வர்ற நாள்ல காய வச்சு திரும்பப் போடுவேன். பிளெயின்ஸ்ல இருக்கறவங்களுக்கு இந்த அளவுக்குத் தேவைப்படாது, ஊட்டி குன்னூர் கொடைக்கானல்காரங்க கண்டிப்பா பண்ணுங்க.

அரவங்காடுல இருக்கற நண்பர் ஒருத்தர் இதே ஜிண்டிக்கு சின்ன கேன் மோட்டார் (டப்பா மாதிரி மூடின மோட்டார்) போட்டாரு. நேர்மையா சொல்லணும்னா சத்தம் என்னோடதைவிட கம்மி, கரண்டும் கம்மி. ஆனா அதை உக்கார வைக்க தனியா பிராக்கெட் செய்யணும், மோட்டார் அச்சுலேருந்து சக்கரத்துக்கு சுழற்சியை மாத்தற வார்ம் கியரோட பல் கரெக்டா பொருந்தறதுக்கு அவரு பட்ட பாடு பெரிசு, உள்ள பிரஷ் தேஞ்சா பிரிக்க வழியில்ல, மொத்தமா மாத்தணும். எக்ஸ் 04ல பிரஷ், ஸ்பிரிங், ஆர்மேச்சர் எல்லாமே தனித்தனியா இங்கிலாந்து ஸ்பேர்ஸ் கடைகள்ல இன்னும் கிடைக்குது, ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தா போதும். காயில் கறுத்து ஷார்ட் ஆகி, ஸ்பேர் வரவழைக்கவும் முடியலன்னா மட்டும் கேன் மோட்டாருக்குப் போங்க, இதுதான் என் முடிவு.

என் மாடல் ரயில் லேஅவுட்ல நாப்பதுக்கு ஒண்ணு ஏத்தம் (நாப்பது அடி போனா ஒரு அடி ஏறும்) ஒண்ணு இருக்கு. நம்ம மலை ரயில் கல்லாறு குன்னூர் நடுவுல ஏறற பன்னிரண்டரைக்கு ஒண்ணு கூட வச்சுப் பாத்தா இது ஒண்ணுமே இல்ல, ஆனா அங்க ஓடற எக்ஸ் கிளாஸ் நீராவி இன்ஜினுக்கு பல் சக்கரத்தை ஓட்டவே தனி சிலிண்டர் இருக்கு, என் ஜிண்டிக்கு தண்டவாளப் பிடிப்பு மட்டும்தான். அங்க மாதிரியே நானும் இன்ஜினை கீழ்ப்பக்கம் மாட்டி பெட்டிகளைத் தள்ளி ஏத்தறேன், சைடு டேங்க்ல ஈயத் தகடு ஒட்டினதுக்கு அப்புறம் மூணு பெட்டியை வழுக்காம ஏத்துது. பழைய காந்தத்தோட ஒரு பெட்டியோடயே நடு ஏத்தத்துல நின்னுடும்.

பராமரிப்பு பெருசா இல்ல. கம்யூட்டேட்டர் துண்டுகளுக்கு நடுவுல இருக்கற இடுக்குல கரித்தூள் சேரும், அதை விளக்கமாத்து ஈர்க்குச்சியால நோண்டி எடுத்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால துடைச்சா போதும். பேரிங்குக்கு தையல் மெஷின் எண்ணெய் ஊசி முனையால ஒரு துளி, அதுக்கு மேல விட்டா கம்யூட்டேட்டருக்குப் போய் கரித்தூளோட குழம்பாயிடும். பிரஷ் ஸ்பிரிங்கை திரும்ப மாட்டும்போது ஒரு கால்ல மட்டும் இருக்கற சின்ன ஸ்லீவை (இன்சுலேஷன் குழாய்) பாத்துக்கங்க, தண்டவாளத்துலேருந்து கரண்ட் ஒயர் வர்ற பிரஷ் பக்கம்தான் அது இருக்கணும், பழைய ஸ்லீவ் நொறுங்கியிருந்தா மெல்லிசு ஒயரோட தோலை உருவி மாட்டுங்க, அது இல்லாம கரண்ட் குடுத்தா நேரா ஷார்ட்தான்.