ஒரே கூட்டில் கொக்டெயில், பிஞ்ச், புறா: உப்புவெளியில் சில வருட அனுபவம்

கொண்டை வைத்த கிளியான கொக்டெயில், குருவி போன்ற சீப்ரா பிஞ்ச், டயமண்ட் புறா மூன்றும் ஒரே கூட்டில் இருக்கலாம். நாங்கள் லவ் பேர்ட்ஸ் என்று கூப்பிடும் சின்னக் கிளியான பட்ஜியும் சேர்ந்து இருக்கும், ஆனால் முட்டையிட மண் முட்டி கட்டித் தொங்கவிடும் நாள் வரைக்கும்தான். ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸை எதனோடும் போடவே வேண்டாம். திருகோணமலையில் கடலுக்குக் கிட்ட சில வருடமாக வளர்த்து நான் வந்து சேர்ந்த முடிவு இது.

கூடு 8 அடி நீளம், 4 அடி அகலம், 6 அடி உயரம். நிறையப் பேர் உயரமாக, ஒடுக்கமாகக் கட்டுகிறார்கள். பறவை மேலும் கீழுமாகப் பறப்பதில்லை, குறுக்கே பறக்கிறது. அதனால் நீளம்தான் முக்கியம். கூரைக்குத் தகரம் போடாமல் கிடுகு போட்டேன். வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரத்துக்குக் கீழே குஞ்சு தப்பாது.

எல்லோரும் கேட்பது, "இவ்வளவு பெரிய கொக்டெயில் பிஞ்சைக் கொத்தாதா?" என்றுதான். பிஞ்ச் 12 கிராம் அளவு, கொக்டெயில் 90 கிராம் வரும். பயம் நியாயம்தான். ஆனால் நான் கண்டது வேறு. கொக்டெயில் சரியான சாது. பிஞ்ச் பக்கத்தில் வந்தால் சீறிவிட்டுத் தள்ளி உட்காரும். அந்தக் கொக்டெயிலையே ஓட ஓட விரட்டுவது 35 கிராம் பட்ஜி! வாலைப் பிடித்து இழுக்கும், கால்விரலைக் கடிக்கும். அதிலும் பெண் பட்ஜி இருக்கிறதே, கூட்டுக்கே அதிகாரி அதுதான். ஆகவே உருவத்தைப் பார்த்துச் சோடி சேர்க்காதீர்கள். இடத்துக்குச் சண்டை பிடிக்கும் குணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைகளில் எல்லா இனத்தையும் ஒரே கூட்டில் விட்டிருப்பார்கள், அவை ஒற்றுமையாக இருப்பது போலத் தெரியும். அங்கே இருப்பவை பெரும்பாலும் இளசு, முட்டியும் இல்லை. சண்டை பிடிக்கக் காரணமே இல்லை. அதைப் பார்த்து வாங்கியவர்கள் பிறகு காலில் காயத்தோடு பிஞ்சைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்.

என் கூட்டிலும் முதலில் பட்ஜிகள் இருந்தன. முட்டி தொங்கவிட்டதும் பெண் பட்ஜி அதற்குள் போகவில்லை. பிஞ்ச் குடியிருந்த சிரட்டைக்குள் தலையை விட்டு, தும்பையெல்லாம் இழுத்து எறிந்தது. முட்டைகள் கீழே. அதன் பிறகு கூட்டின் ஒரு பக்கத்தைத் தடுத்து பட்ஜிகளுக்குக் கொடுத்துவிட்டேன். தடுப்புக்கு ஒற்றை வலை போதாது. பிஞ்ச் வலையில் தொங்கும், மற்றப் பக்கத்தில் இருந்து விரல் கடிபடும். இரண்டு வலை, நடுவில் இரண்டு அங்குலம் இடைவெளி.

பிஞ்சையும் முழுச் சாது என்று நினைக்க வேண்டாம். கூடு கட்டத் தும்பு கிடைக்காவிட்டால் பக்கத்தில் அசையாமல் இருக்கும் புறாவின் முதுகிலேயே இறகு பிடுங்கும். தும்பு போட்டால் நிறுத்தும். ஆனால் முட்டை இட்ட பிறகும் தும்பு கிடந்தால் முட்டைக்கு மேலேயே இன்னொரு கூடு கட்டும். இட்டதும் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். சோடிகளை விடச் சிரட்டை கூடுதலாக இருக்கட்டும், எல்லாம் ஒரே உயரத்தில்.

தீனியில் ஒரு சிக்கல். பட்ஜியும் சேர்ந்து இருக்கும் கூட்டில், கொக்டெயிலுக்கு வைக்கும் சூரியகாந்தி விதையைப் பட்ஜி தின்று கொழுக்கும். அதனால் அதைப் பொதுத் தட்டில் போடக் கூடாது. பொதுத் தட்டில் தினை, சாமை, கொஞ்சம் நெல். 2022 பொருளாதார நெருக்கடியில் இறக்குமதித் தீனி விலை ஏறியபோது குரக்கனும் கலந்தேன், மறுப்புச் சொல்லாமல் தின்றன. உமி நிறைந்த தட்டு நிறையத் தீனி இருப்பது போலத் தெரியும். தினமும் ஊதிப் பாருங்கள். புறா மட்டும் விதையை உமியோடு விழுங்கும், அதற்குச் சிறு மணல் வேண்டும். அது நிலத்தில் பொறுக்குவதால் அதன் தட்டுக்கு மேலே கொப்பு கட்டக் கூடாது, எச்சம் விழும். சுண்ணாம்புச் சத்துக்குப் பறவைகள் கொறிக்கும் கணவாய் ஓட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்குவது எங்கள் ஊரில் வெட்கக்கேடு. கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும், பொறுக்கி ஊறவைத்து உப்புப் போகக் கழுவி வெயிலில் காயவிட்டால் சரி.

இரவுதான் கொக்டெயிலோடு கவனம். பூனை நடந்தாலோ எங்காவது வெடி கொளுத்தினாலோ இருட்டில் பதறி அடித்துப் பறக்கும், மற்றதெல்லாம் கூடவே பதறும். சின்ன விளக்கு ஒன்று எரிந்தால் அடங்கிவிடும். நீண்ட மின்வெட்டுக் காலத்தில் சூரிய ஒளி விளக்குக்கு மாறினேன், இப்போதும் அதுதான்.

புதுப் பறவையை எடுத்த எடுப்பில் உள்ளே விடாதீர்கள். 30 நாள் தனிக்கூடு. பட்ஜியின் அலகைச் சுற்றிப் பொருக்குப் பிடித்திருந்தால் அது பெரும்பாலும் சிற்றுண்ணி. மிருக வைத்தியரிடம் காட்டிவிட்டுத்தான் மற்ற யோசனை.

வாடையில் ஐப்பசி முதல் தை வரை மழைபடும் பக்கத்துக்குத் தறப்பாள் கட்டினால் போதும்.

உண்மையில் என்னைக் களைக்க வைத்தது பறவையில்லை, வலை. உப்புக் காற்றுக்கு இந்த ஊரில் எந்தக் கம்பிக்கும் கறள் பிடிக்கும். துத்தநாகம் பூசிய வலையைக் கடித்தால் கிளி இனங்களுக்கு நஞ்சு, எனவே வினாகிரி போட்டு உரஞ்சிக் கழுவித்தான் கட்ட வேண்டும். அடுத்த தடவை கடல் பக்கத்துக்கு மட்டுமாவது துருப்பிடிக்காத எஃகு வலை போடலாம் என்று விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அரை அங்குலக் கண்ணை விடப் பெரியது வேண்டாம், எலியும் குட்டிப் பாம்பும் நுழையும்.