நீர்வாழ் விலங்கு பொம்மைத் தொகுப்பு: வால் சரி, ஆமை தப்பு

பாலூட்டி, பறவை, மீன், நீர்நில வாழ்வன என்று நான்கு தட்டுகளில் பிரித்து வைக்கும் ரப்பர் பொம்மைத் தொகுப்பு. பொம்மைகள் கனமானவை, சாயமும் தண்ணீரில் போகவில்லை.

பெரிய பலம் வால்தான். ஓங்கிலின் (டால்பினின்) வால் படுக்கைவாட்டில் விரிகிறது, சுறாவின் வால் செங்குத்தாக நிற்கிறது. ஓங்கில் வாலை மேலும் கீழும் அடித்து நீந்தும். சுறா பக்கவாட்டில் அசைக்கும். ஓங்கிலின் உச்சந்தலையில் மூச்சுத்துளையும், சுறாவின் பக்கத்தில் ஐந்து செவுள் பிளவுகளும்கூட உண்டு. அதனால் திமிங்கலச் சுறாவைப் பெயரைப் பார்த்துப் பாலூட்டித் தட்டில் போடும் பிள்ளைக்கு, செவுளைக் காட்டியே திருத்திவிடலாம். கடற்குதிரையும் முறையாக மீன் தட்டில்தான் இருக்கிறது. பென்குயினில் குறையில்லை.

கோளாறு விளக்கத்தாளில். கடலாமையை நீர்நில வாழ்வனவில் சேர்த்திருக்கிறார்கள். ஆமை ஊர்வன: பிறந்தது முதல் நுரையீரல் சுவாசம், ஓடுள்ள முட்டையை மணலில் புதைக்கும். தவளையோ வழவழப்பான முட்டைத்திரளைத் தண்ணீரில் இடும், தலைப்பிரட்டை செவுளால் சுவாசிக்கும். அடுத்த பிழை, ஆக்டோபஸும் நட்சத்திர மீனும் மீன் தட்டில். இரண்டுக்கும் முதுகெலும்பே கிடையாது!

வீட்டிலிருந்து இரண்டு கிண்ணம் சேர்த்து ‘ஊர்வன’, ‘முதுகெலும்பற்றவை’ என்று எழுதி ஒட்டுங்கள். நீர்நிலத் தட்டில் தவளையும், ஆக்ஸலாட்டல் என்ற நீர்வாழ் சாலமாண்டரும் மட்டுமே மிஞ்சும். அது சரியே, மெல்லிய தோலுள்ள இந்த வகை உப்புநீரில் தாக்குப்பிடிப்பது அபூர்வம்.

பாக் விரிகுடாவில் 2022-ல் கடற்பசுவுக்குத் தனிக் காப்பகமே அறிவித்த தமிழ்நாட்டில் விற்கும் தொகுப்பில் கடற்பசு இல்லாதது பெருங்குறை. விளக்கத்தாளை ஒதுக்கிவிட்டு, பொம்மைகளுக்காக வாங்கலாம்.