மாடிப்படி பாக்ஸில் இல்லாத கறுப்பு ஒயர்: மூன்றரை ஆண்டு அனுபவம்

சென்ற வாரம் எங்கள் மாடிப்படி விளக்கின் ரிலே மாட்யூல் (ஸ்விட்சுக்குப் பின்னால் ஒளிந்திருந்து விளக்கை வயர்லெஸ்ஸாக இயக்கும் சிறு கருவி) மூன்றாவது முறையாகச் செயலிழந்தது. அதைக் கழற்றுவதற்காகப் படியில் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து என் மைத்துனர் அழைத்தார். அன்னூரில் அவர் கட்டிவரும் வீட்டில் பூச்சு வேலைக்கு முன்பாகச் சுவரில் காடி வெட்டிப் பைப் பதித்துக்கொண்டிருக்கிறார்கள். "எல்லாமே வயர்லெஸ்தானே மாமா, குடி போன பிறகு மாத்திக்கலாம், இப்பவே எதுக்கு எலெக்ட்ரீஷியன்கிட்ட மல்லுக்கட்டணும்?" என்று கேட்டார். அப்போதிருந்த மனநிலையில் வாய் திறந்திருந்தால் உறவு கெட்டிருக்கும் என்பதால், எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எங்கள் வீடு கோவை வடவள்ளியில், 2021 ஆவணியில் குடிபுகுந்தது. அடுத்த தை மாதத்தில், ஜிக்பீ என்ற குறைந்த மின்சக்தி வயர்லெஸ் முறையில் பேசும் 22 மாட்யூல்களைச் சாதாரண ஸ்விட்சுகளுக்குப் பின்னால் பொருத்தினோம். பழைய ஸ்விட்ச் பழைய இடத்திலேயே இருக்கும், அழுத்தினால் எரியும், அழுத்தாமலும் எரியும் என்பதுதான் அதன் வசதி. எல்லாவற்றையும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் ஓடும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் கவனித்துக்கொள்கிறது. இணையம் துண்டிக்கப்பட்டாலும் வீட்டுக்குள் நடக்க வேண்டியது நடக்கும். அந்த 22இல் 21 மாட்யூல்கள் இந்த மூன்றரை ஆண்டுகளில் ஒருநாள்கூட என்னைத் தொந்தரவு செய்ததில்லை என்பதை நியாயத்துக்காக முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன்.

கட்டும்போது நான் பைப்பைப் பற்றி நிறைய யோசித்தேன். தளத்துக்குக் கம்பி கட்டியபோதே ஒவ்வொரு மாடியின் நடுக்கூடத்துக்கும் ஒரு வெற்றுப் பைப்பைக் கொண்டுபோய், உள்ளே இழுவைக் கம்பியும் விட்டு வைத்தேன். இன்று வைஃபை பெட்டிகள் இரண்டும் அந்தப் பைப் வழியே வந்த கேட் 6 (Cat 6) நெட்வொர்க் ஒயரில்தான் நிற்கின்றன. ஸ்விட்ச் பாக்ஸ்களை ஆழமானவையாகக் கேட்டு வாங்கினேன். மாட்யூலின் தடிமன் சுமார் 2 சென்டிமீட்டர் என்பதால், ஆழமில்லாத பாக்ஸில் அதைத் திணித்து மூடுவது, நிரம்பிய பெட்டியின் மேல் உட்கார்ந்து பூட்டுப் போடுவதற்கு ஒப்பான வேலை. இவ்வளவு யோசித்தவன் பைப்புக்குள் எந்த ஒயர் போகிறது என்று பார்க்கவில்லை.

நம் ஊர் வழக்கப்படி ஸ்விட்ச் பாக்ஸுக்குக் கட்டாயம் வருவது ஃபேஸ், அதாவது மின்சாரம் வரும் ஒயர் மட்டும்தான். பிளக் பாயிண்ட் இருக்கும் பாக்ஸுக்கு அதன் பொருட்டு நியூட்ரலும், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கறுப்பு ஒயரும் வரும். அறைகளில் எல்லாப் பாக்ஸிலும் பிளக் இருந்ததால் எனக்குப் பிரச்சினை தெரியவில்லை. கீழே போட்டு மேலே அணைக்கும் மாடிப்படியின் டூ-வே ஸ்விட்ச் அப்படியல்ல. கீழ் பாக்ஸுக்கு ஃபேஸ் வருகிறது, அங்கிருந்து இரண்டு ஒயர்கள் மேல் பாக்ஸுக்கு ஏறுகின்றன, மேலிருந்து ஒன்று விளக்குக்குப் போகிறது. நியூட்ரலோ இரண்டு பாக்ஸையும் எட்டிப்பார்க்காமல் நேரே விளக்குக்குச் செல்கிறது. "பிளக் இல்லாத பாக்ஸுக்கு நியூட்ரல் எதுக்குங்க?" என்று ஒயர் இழுத்த அன்று எலெக்ட்ரீஷியன் கேட்டதும், நான் தலையாட்டியதும் நன்றாக நினைவிருக்கிறது. 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒரு சுருளுக்கு 90 மீட்டர் வரும். படிக்குத் தேவைப்பட்டது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

நியூட்ரல் இல்லாமலே இயங்கும் மாட்யூல் கிடைக்கிறதே என்று கேட்கலாம், அதைத்தான் வாங்கினேன். விளக்கு அணைந்திருக்கும்போதும் அந்த மாட்யூல் தான் உயிரோடிருக்க ஒரு சிறு மின்னோட்டத்தை விளக்கின் வழியாகவே கசிய விடும். பழைய குண்டு பல்பு அதைப் பொருட்படுத்தியிருக்காது. 9 வாட் எல்.இ.டி. அப்படி விடவில்லை. இரவெல்லாம் மின்மினிபோல விட்டு விட்டு ஒளிர்ந்தது. அந்தக் கசிவைத் தன் வழியே திருப்பிவிடும் ஒரு பைபாஸ் கெபாசிட்டரை விளக்குக்கு இணையாகக் கோத்ததும் மினுக்கல் நின்று, இருட்டில் உற்றுப் பார்த்தால் தெரியும் ஒரு மங்கலாகத் தணிந்தது. ஆனால் மின்தடையின்போது வீடு இன்வெர்ட்டருக்கு மாறினால் மினுக்கல் திரும்பிவிடும். மாதாந்திரப் பராமரிப்பு நாளில் பகல் முழுவதும் அதைக் கண்டு என் அம்மா படியேறவே தயங்குவார். மாட்யூலும் ஏறத்தாழ ஆண்டுக்கு ஒன்று வீதம் போய்க்கொண்டிருந்தது.

இதைவிட எரிச்சலூட்டியது வேறு. ஜிக்பீ வலையமைப்பில் நியூட்ரலோடு இணைந்த மாட்யூல்கள் அடுத்தவற்றின் சமிக்ஞையை வாங்கிக் கடத்தும். நியூட்ரல் இல்லாதவை பொதுவாகத் தம் சமிக்ஞையை மட்டுமே அனுப்பும், பிறருக்குக் கை கொடுப்பதில்லை. கம்பி கட்டிய கான்கிரீட் தளம் அலைகளுக்குப் பெரிய தடை. ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்கு அலைகள் தாராளமாக ஏறக்கூடிய திறப்பு வீட்டில் ஒன்றே ஒன்றுதான், அது மாடிப்படி. கடத்தி எங்கே மிகவும் தேவையோ, அங்கேதான் கடத்தாத மாட்யூல் உட்கார்ந்திருந்தது. மாடிக் கதவின் சென்சார் வாரத்துக்கு ஒருமுறை காணாமல் போனதன் காரணம் இதுதான் என்று கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதமும், தேவையில்லாமல் மாற்றிய நான்கு சென்சார் பேட்டரிகளும் ஆயின.

இடையில் ஒரு குறுக்குவழியும் முயன்றோம். மேல் பாக்ஸுக்கு ஓரடி தூரத்தில் மாடி வராந்தாவின் பிளக் பாயிண்ட் இருந்ததால், அதிலிருந்து நியூட்ரலை இரவல் வாங்கி மாட்யூலுக்கும் விளக்குக்கும் கொடுத்தார் வேறொரு எலெக்ட்ரீஷியன். விளக்கைப் போட்ட மறுநொடி பாதி வீடு இருண்டது. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒத்துப்போகாவிட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவிதான் ஆர்.சி.சி.பி. ஃபேஸ் கீழ்மாடியின் ஆர்.சி.சி.பி. வழியாக வந்து, மேல்மாடியின் ஆர்.சி.சி.பி. வழியாகத் திரும்பினால், போனதும் வந்ததும் கணக்கில் ஒத்துப்போகாது. 9 வாட் விளக்கு 230 வோல்ட்டில் குறைந்தது 39 மில்லிஆம்பியர் இழுக்கும், ஆர்.சி.சி.பி. பொறுக்கும் எல்லை 30. கருவி தன் கடமையைச் சரியாகச் செய்தது. கை வைத்த நாங்கள்தான் தவறு செய்தோம். புதிதாக ஒயர் இழுக்கலாம் என்றால், பைப்பின் வளைவில் சிமென்ட் பால் இறங்கி இறுகியிருக்கிறது. பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்த சுவரில் மீண்டும் காடி வெட்டும் யோசனையை என் மனைவி ஒரே பார்வையில் நிராகரித்துவிட்டார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் மோட்டாரை நேரடியாக மாட்யூலில் இணைக்கக் கூடாது. தொடக்க மின்னோட்டத்தில் ரிலே முனைகள் ஒட்டிக்கொண்டு தொட்டி வழிந்ததைப் பார்த்த பிறகே இடையில் ஒரு கான்டாக்டர் (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் ஸ்விட்ச்) வைத்தேன். பி.எல்.டி.சி. விசிறிகளுக்கு ரிமோட் இருப்பதால் அவற்றுக்கு மாட்யூலே வேண்டாம். மின்சாரம் திரும்பும்போது விளக்கு எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதை முதல் நாளே அமைத்துவிட வேண்டும். இல்லையேல் நள்ளிரவு 2 மணிக்கு வீடு கல்யாண மண்டபம்போல் ஒளிரும்.

ஆகவே மைத்துனருக்கு என் பதில்: மாட்யூல் எதையும் வாங்க வேண்டாம். ஒன்றுகூட வேண்டாம். 21 நன்றாக உழைக்கின்றன என்று எழுதிய கையால்தான் இதையும் எழுதுகிறேன். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் வேறு பதில் சொன்னாலும் சொல்வேன். ஆனால் ஒயர் இழுக்கும் நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் நிற்கவும். படி, கழிவறை வாசல், கேட் விளக்கு எனப் பிளக் இல்லாத ஒவ்வொரு பாக்ஸுக்கும், அந்த விளக்கின் ஃபேஸ் எந்த ஆர்.சி.சி.பி.யிலிருந்து வருகிறதோ அதே ஆர்.சி.சி.பி.யின் நியூட்ரலை இழுக்கச் சொல்லி, முனைக்கு டேப் சுற்றி உள்ளே மடித்து வைக்கச் சொல்லவும். மூடுவதற்கு முன் ஒவ்வொரு பாக்ஸையும் படம் எடுத்துக்கொள்ளவும்.

எங்கள் படியில் நான்காவது மாட்யூல் வைக்கவில்லை. நேற்று மாலை கெபாசிட்டரையும் கழற்றிவிட்டு, பரணில் கிடந்த பழைய டூ-வே ஸ்விட்சுகளையே மாட்டினேன். கீழே போட்டு, மேலே போய் அணைத்தேன். அந்த மங்கல்கூட இல்லாமல் விளக்கு முழுக்க அணைந்தது. இறங்கி வரும்போது கைப்பிடியைத் தடவிக்கொண்டுதான் வந்தேன்.