வாசனைத் திரவத்தால் எரிந்த மோட்டார்: தண்ணீர் வெக்யூம் கிளீனர் வைத்திருப்போர் கவனத்துக்கு

தூசியைத் தண்ணீரில் பிடிக்கும் வெக்யூம் கிளீனர் ஒன்றை வீட்டுக்கு வந்து விற்ற முகவரிடம் வாங்கி, அவர் கொடுத்த சேர்க்கைத் திரவத்தை அவர் சொன்ன அளவிலேயே ஊற்றிப் பாவித்து, ஐந்தே மாதங்களில் மோட்டாரை இழந்தோம். பிறகு அதைத் திருத்துவதாகச் சொன்னவர்களிடமும் பணம் இழந்தோம். கொட்டகலையிலும் தலவாக்கலையிலும் அதே திரவம் இன்னமும் வீடு வீடாக விற்கப்படுகிறது என்று எங்கள் பாடசாலைப் பெற்றோர் ஒருவர் கடந்த வாரம் சொன்னார். அதனால்தான் நடந்தவற்றை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஹட்டனுக்கு அருகில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில், தோட்டத்துக்குச் சொந்தமான பழைய வீடொன்றில். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் செப்டெம்பர் வரை சுவர்களில் ஈரம் ஏறியே இருக்கும்; அலுமாரியின் பின்புறம் பூஞ்சணம் படரும்; மெத்தையை வெயிலில் போட வெயில் கிடைக்காது. என் இளைய மகளுக்கு ஐந்து வயதிலிருந்தே மூச்சு இழுப்பு உண்டு. ஈரக் காற்றில் மெத்தையிலும் போர்வையிலும் தூசிப் பூச்சிகள் பெருகுவதால், படுக்கையைச் சுத்தமாக வைத்திருங்கள் என்று வைத்தியர் பலமுறை சொல்லியிருந்தார். இந்தக் கவலையோடு இருந்த வீட்டுக்குத்தான் பெப்ரவரி மாதத்தில் அந்த முகவர் வந்தார். மகளின் நிலையை என்னுடன் கற்பிக்கும் ஒருவரிடமிருந்து அவர் முன்கூட்டியே அறிந்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவர் மகளின் மெத்தையை உறிஞ்சிக் காட்டி, தொட்டியைத் திறந்து சாம்பல் நிறமாக மாறியிருந்த தண்ணீரை எங்கள் முன்னால் வாளியில் ஊற்றினார். பார்த்த என் மாமியார் கண் கலங்கிவிட்டார். எந்த மெத்தையை எந்த உறிஞ்சியால் உறிஞ்சினாலும் தூசி வரும் என்பதும், தண்ணீரில் கலந்தால் அது அழுக்காகத் தெரியும், பையில் விழுந்தால் தெரியாது என்பதும் அன்று எங்களுக்குத் தோன்றவில்லை. விலை 285,000 ரூபாய். முற்பணமாக 85,000 ரூபாய் கொடுத்து, மீதியைப் பத்துத் தவணைகளில் கட்டுவதாகக் கையொப்பமிட்டோம். பாவனைக் கையேட்டைக் கேட்டபோது, அது ஆங்கிலத்தில் இருக்கிறது, தமிழில் அச்சிட்டு அடுத்த முறை கொண்டு வருகிறேன் என்று சொல்லி எடுத்துச் சென்றார். அந்த அடுத்த முறை வரவேயில்லை. கையேட்டை அன்று விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது.

இயந்திரத்துடன் நான்கு போத்தல் திரவம் தந்தார், ஒன்று 3,500 ரூபாய். பச்சை மூடி, எலுமிச்சைப் புல் வாசனை. லேபலில் என்ன பொருட்கள் கலந்திருக்கின்றன என்ற விபரமும் இல்லை, தயாரித்தவர் முகவரியும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு மூடி ஊற்ற வேண்டும், அது தண்ணீரில் உள்ள கிருமிகளைக் கொல்லும், காற்றையும் சுத்தப்படுத்தும், ஆகவே தொட்டியின் தண்ணீரை வாரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்றார். "பிள்ளைக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன் அக்கா, இத ஊத்தாம மட்டும் போடாதீங்க" என்று அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. எங்களை ஏமாற்றியது அந்த ஒரு அறிவுரைதான், ஏனென்றால் அதில் ஒவ்வொரு வார்த்தையும் அந்த இயந்திரம் வேலை செய்யும் முறைக்கு நேர் எதிரானது.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை இப்போது நன்றாக அறிந்திருப்பதால் சொல்கிறேன். உறிஞ்சப்படும் காற்று தொட்டியிலுள்ள தண்ணீரைக் கலக்கிக்கொண்டு செல்லும்போது தூசி நனைந்து நீரிலேயே தங்கிவிடுகிறது. காற்றுடன் மேலே எழும் நீர்த்துளிகளை, செப்பரேட்டர் என்று சொல்லப்படும், மிக வேகமாகச் சுழலும் சிறு கூடை போன்ற பகுதி வெளிப்புறமாக விசிறித் தொட்டிக்குள்ளேயே திருப்பி அனுப்புகிறது. துளிக்கு எடை இருப்பதால் அது விசிறப்படும். நுரை பெரும்பாலும் காற்றாலானது, எடை மிகக் குறைந்தது, ஆகவே அது செப்பரேட்டரின் இடுக்குகள் வழியாக மோட்டார் இருக்கும் பக்கம் ஏறிவிடும். சவர்க்காரத் தன்மையுள்ள எதையும் அந்தத் தொட்டியில் ஊற்றக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். கார்பட்டை முன்பு ஷாம்பூ போட்டுக் கழுவியிருந்தால் அதன் மிச்சம் தொட்டிக்கு வந்து நுரைக்கக்கூடும் என்பதற்காகத்தான், நுரையை அடக்கும் திரவம் என்று ஒன்றைச் சில தயாரிப்பாளர்கள் தனியாகத் தருகிறார்கள். அது பெரும்பாலும் சிலிக்கோன் சார்ந்தது, சில துளிகள் போதும், நுரை வரும்போது மட்டும் தேவைப்படும். வாசனைத் திரவமும் நுரையடக்கியும் வெவ்வேறு பொருட்கள். எங்களிடம் விற்கப்பட்டது நுரையை உண்டாக்கும் பொருள்.

ஏப்ரல் மாதத்திலேயே இயந்திரத்திலிருந்து வெளிவரும் காற்றில் வாசனையின் கீழே ஒரு புளித்த நாற்றம் இருந்தது. முகவரைத் தொலைபேசியில் அழைத்தபோது, இரண்டு மூடி ஊற்றுங்கள் என்றார். ஊற்றினோம். அந்த நாட்களில் மகளின் இருமல் கூடியது. உதிர்ந்த தோல் துகளும் மெத்தைத் தூளும் கலந்த தண்ணீரை ஒரு வாரம் தொட்டியில் தேங்கவிட்டு, அதனூடாகக் காற்றை ஊதி அறை முழுவதும் பரப்பியிருக்கிறோம். அதன் மேல், இழுப்பு உள்ள பிள்ளையின் மூச்சுக்குழலை உறுத்தக்கூடிய வாசனையையும் சேர்த்திருக்கிறோம். பிள்ளையின் நன்மைக்காக வாங்கிய பொருளால் அவளுக்கு நாங்களே தொல்லை கொடுத்தோம் என்பதுதான் பணத்தை விட என்னை அதிகம் வருத்துகிறது.

ஜூலை மாதத்தில் ஒரு நாள் இயந்திரம் சத்தம் மாறி, கருகிய நாற்றத்துடன் நின்றது. முகவர் வந்து பார்த்துவிட்டு, திரவத்தை அளவுக்கு மேல் ஊற்றியது உங்கள் தவறு, ஆகவே உத்தரவாதம் செல்லாது என்றார். இரண்டு மூடி ஊற்றச் சொன்னதே அவர்தான் என்று நினைவூட்டியபோது, அதை எழுத்தில் தந்தேனா என்று திருப்பிக் கேட்டார். அவரே அறிமுகப்படுத்திய திருத்துமிடம் ஒன்று இயந்திரத்தைக் கொழும்புக்கு எடுத்துச் சென்று, ஏழு வாரங்கள் வைத்திருந்து, "புதிய மோட்டார்" என்று எழுதிய துண்டுச் சீட்டுடன் 38,500 ரூபாய் வாங்கிக்கொண்டு திருப்பித் தந்தது. பதினொரு நாட்களில் அது மீண்டும் நின்றது.

இம்முறை என் கணவர் அதை ஹட்டன் நகரத்தில் மோட்டார் வைண்டிங், அதாவது மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வேலை, செய்யும் ஒருவரிடம் கொண்டு சென்றார். நானும் கூடப் போனேன். தேயிலைத் தொழிற்சாலை மோட்டார்களோடு முப்பது வருடங்கள் பழகிய மனிதர். எங்கள் கண் முன்னால் திறந்தார். செப்பரேட்டரின் இடுக்குகளில் விரலில் வழுக்கும் சாம்பல் நிறப் பசை. மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சரின் கம்பிச் சுற்றின் மேல் காய்ந்து படிந்த வெள்ளைப் பொருக்கு. சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் துருப்பிடித்துக் கரகரத்தது. ஆர்மேச்சருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் இரண்டும் அடிவரை தேய்ந்திருந்தன. "டீச்சர், இது புது மோட்டார் இல்ல. பழசத் தொடச்சி, பெயின்ட் அடிச்சி மாட்டி இருக்காங்க. புதுசுல பதினோரு நாளையில இவ்வளவு பொருக்குப் படியாது" என்றார். வெள்ளைப் பொருக்கு எதனால் என்று கேட்டோம். நுரை காய்ந்தால் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, ஈரத் துணியால் துடைத்து அதைத் தண்ணீரில் அலசிக் காட்டினார், தண்ணீர் நுரைத்தது.

அன்றிரவே திரவத்தை நாங்கள் சோதித்தோம். யாரும் செய்யக்கூடிய சோதனை இது: மூடியுள்ள கண்ணாடிப் போத்தல் ஒன்றில் பாதியளவு தண்ணீர் விட்டு, திரவத்தில் ஐந்தாறு துளிகள் சேர்த்து, இருபது முறை நன்றாகக் குலுக்கி வைத்துவிட வேண்டும். குமிழிகள் உடனே அடங்கிவிட்டால் அது நுரைக்கும் பொருள் இல்லை. எங்கள் போத்தலில் மூன்று விரல் உயரத்துக்கு எழுந்த நுரை அரை மணி நேரத்துக்குப் பிறகும் நின்றது. இதில் மலையகத்தவர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது, சோதனைக்கு உங்கள் வீட்டுத் தண்ணீரையே எடுக்க வேண்டும் என்பது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரில் சவர்க்காரம் நுரைக்கத் தயங்கும்; பாறை இடுக்கிலிருந்து நமக்கு வரும் பீலித் தண்ணீர் மென்மையானது, சிறிது சவர்க்காரத்துக்கே பொங்கிவிடும். வேறு ஊரில் ஒருவர் இதே திரவத்தை ஊற்றிப் பிரச்சினையில்லை என்று சொன்னால், அதை நம் வீட்டுக்கு அளவுகோலாகக் கொள்ள முடியாது.

வைண்டிங் செய்பவர் மோட்டாரைச் சுற்றி, பேரிங்கும் பிரஷும் மாற்றி 14,000 ரூபாய் வாங்கினார். இயந்திரம் இப்போது ஓடுகிறது. அதை நாங்கள் பராமரிக்கும் முறையையும் சொல்கிறேன், ஏனென்றால் இதில் எதையும் முகவர் சொல்லவில்லை. தொட்டியில் அளவுக் கோடு வரை சுத்தமான குளிர்ந்த நீர், வேறொன்றும் இல்லை. வேலை முடிந்த உடனே, தேநீர் குடிக்கக்கூட உட்காராமல், தண்ணீரை வெளியே கொட்டி, தொட்டியைக் கழுவித் துடைத்து, மூடாமல் கவிழ்த்து வைக்கிறோம். மோட்டார் உள்ள தலைப்பகுதியை அன்றைய நாள் முழுவதும் தொட்டியிலிருந்து பிரித்தே வைக்கிறோம். நீண்ட நேரம் உறிஞ்சும்போது தண்ணீர் கலங்கிக் கெட்டியானால் இடையிலேயே மாற்றுகிறோம், ஏனெனில் சேறாகிவிட்ட நீர் தூசியைப் பிடிக்காது. செப்பரேட்டரை வாரத்துக்கு ஒருமுறை, பிளக்கைக் கழற்றிய பிறகு, திருகி எடுத்து, பழைய பல் தூரிகையால் ஒவ்வொரு இடுக்கையும் தேய்க்கிறோம். குழாயை வளையமாகச் சுற்றி வைத்தால் உள்ளே நீர் தங்கும் என்பதால் நேராகத் தொங்கவிடுகிறோம். மழைக்காலத்தில் இதெல்லாம் காய்வதற்கு ஒன்றரை நாளாகும். அடுப்பு வெக்கையில் காயவைக்க நினைக்க வேண்டாம். பிளாஸ்டிக் வளைந்தால் காற்று கசியும்.

காற்று வெளியேறும் இடத்தில் உள்ள வடிகட்டியையும் மறக்கக்கூடாது. மிக நுண்ணிய தூசியில் ஒரு பகுதி நனையாமல் குமிழிக்குள்ளேயே தண்ணீரைக் கடந்துவிடும். அதைப் பிடிப்பது அந்த வடிகட்டிதான். ஈரத்தில் அது பூஞ்சணம் பிடித்தால் இயந்திரமே பூஞ்சண வித்துக்களை ஊதும். கழுவக்கூடிய வகையா, மாற்ற வேண்டிய வகையா என்பது கையேட்டில் இருக்கும். எங்கள் மாதிரிக்கான கையேட்டைப் பிறகு தயாரிப்பாளரின் இணையத்தளத்திலிருந்து இறக்கிப் படித்தேன். தண்ணீரைத் தவிர எதையும் ஊற்றக்கூடாது என்று அதன் தொடக்கப் பக்கங்களிலேயே தடித்த எழுத்தில் இருக்கிறது. அடுப்புச் சாம்பல், சீமெந்துத் தூள், மாவு ஆகியவற்றை உறிஞ்ச வேண்டாம். நாற்றம் போவதற்கு வாசனை எண்ணெய் ஊற்றலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எண்ணெய் வகைகள் சில பிளாஸ்டிக்கையும் ரப்பர் வளையங்களையும் கெடுக்கும். குளோரின் கலந்த வெளுக்கும் திரவத்தைத் தொட்டியில் ஊற்றி இயக்குவது அதைவிட ஆபத்தானது. அதனுடன் வினாகிரியும் சேர்ந்தால் நச்சு வாயுவான குளோரின் வெளிவரும், இயந்திரம் அதை அறைக்குள் ஊதிவிடும்.

முறைப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்து மூலம் முறைப்பாடு செய்யலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விபரம் கேட்கலாம். ஆனால் பொருளை வாங்கிய அல்லது சேவையைப் பெற்ற நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் முறையிட வேண்டும். இயந்திரம் வாங்கி எட்டு மாதமாகிவிட்டதால் விற்பனை குறித்து எங்களால் முறையிட முடியவில்லை. நாங்கள் பொறுமையாகக் காத்திருந்த ஒவ்வொரு வாரமும் முகவருக்குத்தான் உதவியது. பழைய மோட்டாரைப் புதியது என்று சொல்லிப் பணம் வாங்கிய திருத்த வேலைக்கு மட்டும் காலம் இருந்ததால், துண்டுச் சீட்டின் பிரதியையும் வைண்டிங் செய்தவர் கையெழுத்திட்டுத் தந்த குறிப்பையும் இணைத்து ஒக்டோபர் மாதத்தில் அனுப்பினேன். கிடைத்ததாகப் பதில் வந்திருக்கிறது, விசாரணைக்கு இன்னும் அழைக்கவில்லை.

முத்திரை உடைக்காத இரண்டு போத்தல்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. விசாரணையில் அவற்றை ஒப்படைப்பேன். பச்சை மூடிப் போத்தல் உங்கள் வீட்டிலும் இருந்தால் இன்றே குலுக்கிப் பாருங்கள். நுரைத்தால் ஊற்றாதீர்கள், எறியவும் வேண்டாம்; வாங்கிய திகதியுடன் எடுத்து வைத்து, மூன்று மாதம் முடியவில்லையென்றால் நீங்களும் எழுதி அனுப்புங்கள்.