செயலுக்கும் விளைவுக்கும் இடையிலான நேரம்: கடிகாரமா, மதிப்பீடா, மறுஆக்கமா?

ஒருவர் தாமாக விரும்பி ஒரு விசையை அழுத்துகிறார். கால் விநாடி கழித்து ஓர் ஒலி கேட்கிறது. அழுத்தலுக்கும் ஒலிக்கும் இடைப்பட்ட நேரம், உண்மையில் கழிந்ததைவிடக் குறைவாகவே அவருக்குத் தோன்றுகிறது. ‘காலப் பிணைப்பு’ எனப்படும் இந்த விளைவு, ‘நான் செய்தேன்’ என்ற உணர்வின் அளவாகப் பலராலும் எடுத்துக்கொள்ளப்படுவது, பல ஆய்வகங்களில் மீண்டும் மீண்டும் காணப்பட்டிருக்கிறது. ஆனால் அது எவ்வளவு வலுவானது, எவ்வளவு நீண்ட இடைவெளிவரை நீடிக்கிறது, எதனால் உண்டாகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் கிடைக்கும் விடை, நாம் எந்த முறையில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்தே மாறுகிறது. ஆகவே முறையைத் தேர்ந்தெடுப்பது ஆய்வின் முன்னேற்பாடுகளில் ஒன்றல்ல, ஆய்வின் பாதி அதுவே என்று கருதுகிறேன்.

அளக்கும் முறைகள் மூன்று. அவற்றில் மூத்தது கடிகார முறை. பெஞ்சமின் லிபெட் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், 2.56 விநாடிக்கு ஒருமுறை சுற்றிவரும் ஒளிப்புள்ளியைப் பார்த்துக்கொண்டே, விரலை அசைக்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்த கணத்தைப் பங்கேற்பாளர்கள் சொன்னார்கள். அதே உத்தியைப் பேட்ரிக் ஹேகார்டும் உடன் ஆய்வாளர்களும் லண்டனில் எடுத்தாண்டு, 2002-இல் முடிவுகளை வெளியிட்டனர். அழுத்தல் மட்டும், ஒலி மட்டும், அழுத்தலைத் தொடர்ந்து 250 மில்லிவிநாடி கழித்து ஒலி என்று சோதனையைப் பிரித்து, ஒவ்வொரு நிகழ்வின்போதும் கடிகார முள் எங்கே இருந்தது என்று கேட்டார்கள். ஒலி தொடரும்போது அழுத்தல் சுமார் 15 மில்லிவிநாடி பிந்தியும், ஒலி சுமார் 46 மில்லிவிநாடி முந்தியும் நிகழ்ந்ததாகப் பங்கேற்பாளர்கள் சொன்னார்கள். மூளையின் இயக்கப் பகுதியைக் காந்தத் துடிப்பால் தூண்டி, விரலைத் தன்விருப்பமின்றித் துடிக்கவைத்தபோது போக்கு தலைகீழானது. துடிப்பும் ஒலியும் ஒன்றையொன்று விட்டு விலகின.

இந்த முறையின் தனிச்சிறப்பு, இடைவெளியின் இரு முனைகளையும் தனித்தனியே காட்டுவதுதான். மேற்சொன்ன எண்களில் ஒலியின் நகர்வு அழுத்தலின் நகர்வைப்போல மூன்று மடங்கு என்பதைக் கவனிக்க வேண்டும். நேரம் சுருங்கியது என்று மட்டும் சொல்லாமல், எந்த முனையிலிருந்து சுருங்கியது என்றும் சொல்லக்கூடிய முறை மற்ற இரண்டில் ஒன்றுகூட இல்லை. இதற்கு நாம் கொடுக்கும் விலையும் பெரிது. பங்கேற்பாளரின் கண்ணும் கவனமும் முழுநேரமும் முள்ளின் மீதே இருக்க வேண்டியிருப்பதால், திரையில் வேறொரு காட்சியை விளைவாகக் காட்டுவது கடினமாகிறது. சிறு குழந்தைகளுக்கு இந்தப் பணி சுமையாகிறது. தவிரவும், கவனம் எந்த நிகழ்வின் பக்கம் சாய்கிறதோ அந்த நிகழ்வின் கணக்கு சற்றே நகர்ந்துவிடுகிறது.

இரண்டாவது முறை நேரடி மதிப்பீடு: இடைவெளி எத்தனை மில்லிவிநாடி என்று எண்ணாகவே சொல்லச் சொல்வது. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் மில்லிவிநாடியில் உணரும் பழக்கம் யாருக்கும் இல்லை. (கண் இமைப்பதையும் விரல் நொடிப்பதையும் மாத்திரைக்கு அளவாக வைத்த நம் இலக்கண மரபு, உடலறிந்த கால அளவையே தேர்ந்தெடுத்தது.) எனவே பங்கேற்பாளருக்கு முதலில் பயிற்சி தரவேண்டும், அதன் பின்னும் அவர் 100, 200, 500 என்று முழு எண்களையே நாடுவார். குறுகிய இடைவெளிகளைக் கூட்டியும் நீண்டவற்றைக் குறைத்தும் சொல்லும் போக்கை கார்ல் ஃபியரோர்ட் 1868-இலேயே விவரித்துவிட்டார். எல்லா விடைகளையும் நடுவை நோக்கி இழுக்கும் அந்தப் போக்கு இங்கே முழு வலுவுடன் தலைகாட்டும். இவ்வளவு குறைகளுக்குப் பிறகும் இம்முறையை நான் ஒதுக்கமாட்டேன். எமிலி காஸ்பரும் ஹேகார்டும் பிறரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்பாளர்கள் ஒருவருக்கொருவர் சிறு மின்னதிர்ச்சி கொடுப்பதைத் தாமே முடிவு செய்தபோதைவிட, ஆய்வாளரின் கட்டளைப்படி செய்தபோது இடைவெளி நீண்டதாகத் தோன்றியது. எதிரில் இன்னொரு மனிதர் வலியை ஏற்றுக்கொண்டிருக்கும் சூழலில், சுழலும் முள்ளைப் பார்த்துக்கொண்டிரு என்று சொல்வது சோதனையையே குலைத்துவிடும். அங்கே மதிப்பீட்டு முறைக்கு மாற்று இல்லை.

மூன்றாவது மறுஆக்க முறை. உணர்ந்த இடைவெளி எவ்வளவோ அவ்வளவு நேரம் ஒரு விசையை அழுத்திப் பிடிக்கச் சொல்கிறார்கள். எண்ணே இல்லாததால் முழு எண் நாட்டமும் இல்லை, பயிற்சியும் பெரிதாகத் தேவையில்லை. விடையே ஒரு செயலாக இருப்பதுதான் இதன் சிக்கல். செயலால் காலம் எப்படி மாறித் தோன்றுகிறது என்பதை இன்னொரு செயலைக் கொண்டு அளக்கிறோம். ஒப்பிடும் நிலைகள் எல்லாவற்றிலும் விடை அதே விதமாகவே பெறப்படுவதால், இந்தக் குறை வேறுபாட்டை அவ்வளவாகப் பாதிக்காது என்பது என் எண்ணம்.

முறைகள் உண்மையிலேயே முரண்படும் இடம் இடைவெளியின் நீளம். ஹேகார்டின் கடிகாரச் சோதனையில் இடைவெளியை 250-இலிருந்து 450-க்கும் 650 மில்லிவிநாடிக்கும் கூட்டியபோது பிணைப்பு தளர்ந்தது. ஆனால் கார்டிஃபில் கிரிஃபித் ஹம்ஃப்ரீஸும் மார்க் பியூனரும் 2009-இல் வெளியிட்ட மதிப்பீட்டுச் சோதனைகளில், 4 விநாடிவரை நீண்ட இடைவெளிகளிலும் பிணைப்பு காணப்பட்டது. இரண்டையும் ஒரே விளைவின் இரண்டு அளவீடுகளாக எடுத்துக்கொண்டால் ஏதோ ஒன்று தவறு என்றாகிவிடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடிகார முறை இரண்டு நிகழ்வுகளின் இடத்தைக் காலக்கோட்டில் குறிக்கிறது. மற்ற இரண்டும் நடுவிலுள்ள நீளத்தை அளக்கின்றன. மனம் இடத்தையும் நீளத்தையும் ஒரே கணக்கிலிருந்துதான் பெறுகிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லாதவரை, ஒரு முறையில் கிடைத்த மில்லிவிநாடிகளை இன்னொரு முறையில் கிடைத்தவற்றோடு கூட்டிக் கழிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஒரு சோதனைக்கு ஒரு முறையை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், எந்த முனை நகர்கிறது என்று அறியக் கடிகாரத்தையும், ஒரு விநாடியைத் தாண்டிய இடைவெளிகளுக்கு மறுஆக்கத்தையும், இன்னொரு மனிதர் உடனிருக்கும் சோதனைகளுக்கு மதிப்பீட்டையும் எடுப்பேன். ஆயினும் முறையைவிட ஒப்பீட்டு நிலை எனக்கு முக்கியம். இயந்திரம் ஒன்று விசையை அழுத்தி விளைவை உண்டாக்கினாலும் பிணைப்பு தோன்றுகிறது என்றும், அதன் வேர் நோக்கத்தில் அல்ல, காரண காரியத் தொடர்பில் இருக்கிறது என்றும் பியூனர் 2012-இல் வாதிட்டார். சசெக்ஸில் கெய்சுகே சுசூகியும் அனில் சேத்தும் உள்ளிட்ட குழுவினர் 2019-இல், மெய்நிகர் கை ஒன்று அழுத்துவதை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடமும் பிணைப்பைக் கண்டார்கள். இவற்றுக்குப் பின்னும், தன்விருப்பச் செயலை வெறுமனே இரண்டு ஒலிகளோடு ஒப்பிட்டுவிட்டு, ‘நான் செய்தேன்’ என்ற உணர்வை அளந்துவிட்டதாக எழுதுவது சரியல்ல. இயந்திரம் அதே விசையை, அதே தாமதத்துடன், அதே விளைவு தொடர அழுத்தும் ஒரு நிலையைச் சோதனையில் சேர்த்து, அதற்கும் மேல் தன்விருப்பச் செயலில் மிஞ்சி நிற்கும் சுருக்கம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அந்த மிச்சத்தைத்தான் நோக்கத்தின் கணக்கில் எழுதலாம்.